வெள்ளைப் பாண், மண்ணெண்ணெய் விளக்கு, துறைமுகத்தில் நின்ற தொப்பிக்காரர்

ஸ்கார்பரோவிலிருந்து:

இங்கே கனடாவில் ஒரு முதியோர் இல்லத்தில் பன்னிரண்டு வருடம் பராமரிப்பாளராக இருந்தேன். அங்கிருந்த ஓர் ஆங்கிலேய அம்மா காலைச் சாப்பாட்டில் பாணை (ரொட்டியை) மிச்சம் வைத்து நான் பார்த்ததே இல்லை. முட்டையை ஒதுக்குவார், கஞ்சியைத் தொடமாட்டார். வெள்ளைப் பாண் துண்டை மட்டும் ஓரம்வரை சாப்பிட்டு, தட்டில் விழுந்த தூளையும் விரல் நுனியால் ஒற்றி எடுப்பார். எங்கள் அம்மம்மா சோற்றுப் பருக்கையை அப்படித்தான் எடுப்பார். ஒருநாள் இதை அவரிடம் சொன்னேன். "உன் அம்மம்மா போரைப் பார்த்தவரா?" என்று கேட்டார். "நானே பார்த்தவள்தான்" என்றேன். அன்றிலிருந்துதான் அவர் என்னோடு மனம்விட்டுக் கதைக்கத் தொடங்கினார்.

அவர் ஒரு 'வார் பிரைட்'. இரண்டாம் உலகப்போரின்போது கனடாவிலிருந்து போன படைவீரர்களை அங்கேயே கல்யாணம் செய்து, பிறகு கணவரிடம் சேர்வதற்காகக் கப்பலேறிய பெண்களை அப்படிச் சொல்வார்கள். கனடியப் படைகள் 1939 டிசம்பரில் பிரிட்டனில் போய் இறங்கின. அடுத்த மாதமே முதல் கல்யாணம் நடந்துவிட்டது. 1943-இல் சிசிலிக்குப் புறப்படும்வரை பெரும்பாலானவர்களுக்கு அங்கே பயிற்சியும் காத்திருப்பும்தான். வருடக்கணக்கில் ஒரே இடத்தில் இளைஞர்கள் தங்கினால் என்ன நடக்குமோ அது நடந்தது. இந்த அம்மாவின் ஊர் இங்கிலாந்தில் அல்டர்ஷாட் பக்கம், கனடியர்களின் முகாம்கள் இருந்த இடம். அந்த முகாமிலிருந்த ஒரு வீரரைச் சனிக்கிழமை நடனத்தில் சந்தித்தார், 1943 வசந்தத்தில் கல்யாணம். அப்புறம் கணவர் இத்தாலிக்குப் போனார், அங்கிருந்து ஹாலந்துக்கு. கல்யாணமாகி மூன்று வருடத்தில் இரண்டு பேரும் ஒன்றாக இருந்தது மொத்தம் பதினெட்டு நாள். அதை அவர் விரல் விட்டு எண்ணிச் சொன்னார்.

நானும் எண்ணி வைத்திருந்தேன். என் கணக்கு பதினொரு நாள். 1993-இல் போர் நடந்த யாழ்ப்பாணத்திலிருந்து கிளாலிக் கடலேரியை இருட்டில் படகில் கடந்து கொழும்புக்கு வந்தவள் நான். அடுத்த வருடம் திருச்சியில் கல்யாணம். அவர் கனடாவிலிருந்து வந்து, தாலி கட்டி, பதினொராம் நாள் திரும்பிப் போனார். விசா கிடைக்கப் பதினாறு மாதம் ஆனது. இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்த பிறகு எங்களுக்கு இடையில் விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை.

இந்தப் பெண்களை அழைத்து வரும் வேலைக்காக 1944-இலேயே லண்டனில் கனடிய அரசு ஓர் அலுவலகம் திறந்திருந்தது. பயணச் செலவு அரசினுடையது. எப்போது கூப்பிடுவார்கள் என்பதுதான் யாருக்கும் தெரியாது. கடிதம் வந்ததும் சில நாட்களுக்குள் பெட்டியைக் கட்ட வேண்டும். 1946 பிப்ரவரியில் மொரிட்டேனியா என்ற கப்பல் 900-க்கும் மேற்பட்ட பெண்களையும் குழந்தைகளையும் ஏற்றிக்கொண்டு கனடாவின் கிழக்குக் கரைத் துறைமுகமான ஹாலிஃபாக்ஸ் வந்து சேர்ந்தது. அதற்குப் பிறகு அந்த வருடம் முழுவதும் கப்பல் மேல் கப்பல். எல்லாக் கணக்கையும் சேர்த்தால் அரசு செலவில் வந்தவர்கள் ஏறத்தாழ 43,500 மனைவிமார், 21,000 குழந்தைகள். பெரும்பாலானவர்கள் பிரிட்டன் பெண்கள், டச்சுப் பெண்களும் கணிசமாக இருந்தார்கள்.

குழந்தைகளின் எண்ணிக்கையைக் கவனியுங்கள். 'மணப்பெண்' என்ற சொல் எனக்குப் பிடிக்காததற்கு அதுதான் காரணம். பூங்கொத்தோடு நிற்கும் புதுப்பெண் என்று நினைத்துவிடுகிறோம். வந்தவர்களில் பலர் குண்டுவீச்சில் பிள்ளை பெற்று, தனியாக வளர்த்து, அந்தப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு கடல் கடந்த தாய்மார்.

இந்த அம்மாவுக்கு அப்போது குழந்தை இல்லை. 1946 ஏப்ரலில் அக்விட்டானியாவில் ஏறினார், நான்கு புகைபோக்கிகள் கொண்ட பழைய பெரிய கப்பல். முதல் நாள் சாப்பாட்டு மேசையில் வெள்ளைப் பாண் இருந்தது. பிரிட்டனில் 1942-இலிருந்தே வெள்ளை மாப் பாண் கிடையாது. தவிட்டோடு சேர்த்து அரைத்த மாவில் சுட்ட சாம்பல் நிறப் பாண்தான் எல்லோருக்கும். நான்கு வருடம் அதைத் தின்றவர்கள் முன்னால் வெள்ளைப் பாணும் வெண்ணெயும் தோடம்பழமும் வைத்தால்? சில பெண்கள் அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார்களாம். நிறையச் சாப்பிட்டு, கடலும் ஆட்ட, இரண்டு நாள் கப்பல் முழுக்க வாந்தி.

அவரும் சாப்பிட்டார். ஆனால் ஹாலிஃபாக்ஸில் இறங்கி மூன்று மாதத்தில், அந்த ஜூலையில், பிரிட்டனில் பாணுக்கே பங்கீடு வந்தது. போர் நடந்தபோதுகூட வராத பங்கீடு, போர் முடிந்த அடுத்த வருடம் வந்தது. தாயார் கடிதத்தில் ஒரே வரியில் எழுதியிருந்தாராம், முறைப்பாடாகக்கூட இல்லை, செய்தியாக. "அதற்குப் பிறகு ஒரு துண்டைக்கூட என்னால் வீசமுடியவில்லை" என்றார். அறுபது வருடம் கழித்து, தட்டில் இருந்த தூளை ஒற்றிக்கொண்டே.

கப்பலை ஹாலிஃபாக்ஸின் பியர் 21 என்ற இறங்குதுறையில் கட்டியபோது பாண்டு வாத்தியம் வாசித்தார்கள். செஞ்சிலுவைப் பெண்கள் ஓடிவந்து குழந்தைகளை வாங்கிக்கொண்டார்கள். கணவர் துறைமுகத்துக்கே வந்திருந்தார். ஆனால் அவரை இந்த அம்மாவுக்கு அடையாளம் தெரியவில்லை. சீருடையில் மட்டும் பார்த்த மனிதர். இங்கே பழுப்புக் கோட்டும் தொப்பியும் போட்ட யாரோ ஒருவர் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார். "திரும்பிக் கப்பலுக்கே போய்விடலாமா என்று நினைத்தேன்" என்றார். அந்தக் காலத்தில் பல பெண்களுக்கு இது நடந்திருக்கிறது.

எனக்கும் நடந்தது. 1996 ஜனவரி, டொராண்டோவின் பியர்சன் விமான நிலையம். திருச்சியில் வேட்டி சட்டையில் பார்த்தவர், இங்கே பெரிய ஜாக்கெட்டும் காதை மூடிய தொப்பியுமாக நின்றார். கையில் எனக்கொரு ஜாக்கெட். நான் அவரைக் கடந்து போய்விட்டேன். அவர் பின்னால் வந்து என் பெயரைச் சொன்னபோது முதலில் வந்தது சந்தோஷம் இல்லை, பயம். இதை நான் அதுவரை யாரிடமும் சொன்னதில்லை, என் தங்கையிடம்கூட. அந்த அம்மாவிடம்தான் முதலில் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பேசாமல் இருந்தார்.

அவர்கள் போன ஊர் சஸ்காட்சுவானில் ஒரு தானியப் பண்ணை. நாட்கணக்கில் ரயில். அதிகாலை மூன்று மணிக்கு இவர்கள் இருவருக்காக மட்டும் ரயில் நின்றது. கணவர் பொய் சொல்லவில்லை, பண்ணை என்றார், பண்ணைதான் இருந்தது. குழாய்த் தண்ணீர் இல்லை, மின்சாரம் இல்லை, கழிப்பறை வெளியே. அந்த மாகாணத்தின் பண்ணைகளுக்கு மின்சாரம் பரவலாக வந்தது 1950-களில்தான். ஒரு பட்டனைத் தட்டினால் விளக்கு எரியும் வீட்டில் பிறந்தவர், போரில் தப்பி வந்து, மண்ணெண்ணெய் விளக்குக்குத் திரி நறுக்கப் பழகினார். நான் அதற்கு எதிர்ப்பக்கமாக வந்தவள். யாழ்ப்பாணத்தில் போர்க்காலப் பொருளாதாரத் தடையில் ஜாம் போத்தலில் நாலு சொட்டு எண்ணெய் விட்டுப் படித்துவிட்டு, இரவெல்லாம் தெருவிளக்கு எரியும் நகரத்துக்கு வந்தேன். "நாம் இரண்டு பேரும் வழியில் எங்கேயோ ஒருவரை ஒருவர் கடந்திருக்கிறோம்" என்று ஒருமுறை சொன்னார்.

உங்களில் யாராவது இப்படிப்பட்ட பெண்களைச் சந்தித்திருந்தால் எழுதுங்கள். அவர்களில் பெரும்பாலானோர் இப்போது இல்லை.

மெல்போர்னிலிருந்து:

அக்கா, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு என் பழைய பக்கத்து வீட்டுப் பாட்டியை நினைத்துக்கொண்டேன். ஜப்பானியர். நாங்கள் கோயம்புத்தூரிலிருந்து வந்த புதிதில் வேலிக்கு மேலே ஒரு வெள்ளை முள்ளங்கியை நீட்டினார். நான் சாம்பார் வைத்து ஒரு கிண்ணம் கொடுத்தேன். அதிலிருந்து பழக்கம்.

போருக்குப் பிறகு ஆஸ்திரேலியப் படை ஜப்பானில் ஹிரோஷிமா பக்கம் குரே என்ற துறைமுக நகரத்தில் தங்கியிருந்தது. பாட்டி அங்கே முகாமில் துணி துவைக்கும் இடத்தில் வேலை பார்த்தவர். நீங்கள் சொன்ன ஆங்கிலேய அம்மாவை அரசாங்கமே டிக்கெட் எடுத்துக் கூட்டி வந்தது. இவர்களுக்கு நேர் எதிர். ஜப்பானியப் பெண்களை நாட்டுக்குள் விடவே மாட்டோம் என்றது அன்றைய ஆஸ்திரேலிய அரசு. குடிவரவு அமைச்சராக இருந்த ஆர்தர் கால்வெல் இதில் பிடிவாதமாக இருந்தார். கல்யாணம் செய்த வீரர்கள் மனைவியையும் குழந்தையையும் விட்டுவிட்டு ஊர் திரும்ப வேண்டியிருந்தது. பிறகு வந்த அமைச்சர் ஹரால்டு ஹோல்ட் 1952-இல்தான் அனுமதித்தார். அந்த வருடம் முதலில் வந்து இறங்கிய செர்ரி பார்க்கரை வரவேற்கப் பத்திரிகைக்காரர்கள் கூடினார்கள். அவரைத் தொடர்ந்து மொத்தம் சுமார் 650 பெண்கள் வந்தார்கள்.

எங்கள் பாட்டிக்குப் பத்திரிகைக்காரர்கள் யாரும் வரவில்லை. மாமியார் வந்தார். அவருடைய இன்னொரு மகன் ஜப்பானியர்களின் சிறையில் இறந்தவர். ஒரே வீட்டில் நான்கு வருடம். "அவங்க ஒரு நாளும் என்னைத் திட்டினதில்லை. என் முகத்தைப் பார்த்ததும் இல்லை" என்று பாட்டி சொன்னார். எனக்கு அந்த மாமியார் மேலும் கோபம் வரவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. பிள்ளைகளுக்குப் பாட்டி ஜப்பானிய மொழி சொல்லிக் கொடுக்கவே இல்லை. பள்ளிக்கூடத்தில் அடிபடுவார்கள் என்ற பயம். கடைசிக் காலத்தில் ஆங்கிலம் மறந்து ஜப்பானிய மொழி மட்டும் பேசினார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகனுக்கு ஒரு வார்த்தை புரியவில்லை.

ஒன்று கேட்க வேண்டும் அக்கா. அந்த ஆங்கிலேய அம்மா தன் தாயை மறுபடி பார்த்தாரா?

ஹாலிஃபாக்ஸிலிருந்து:

பியர் 21 இப்போது குடிவரவு அருங்காட்சியகமாக இருக்கிறது. 1928 முதல் 1971 வரை சுமார் பத்து லட்சம் பேர் அந்தக் கட்டிடம் வழியாக வந்திருக்கிறார்கள். ஊரிலிருந்து யார் வந்தாலும் கூட்டிப் போவேன். போன கோடையில் என் மாமியாரோடு போனபோது, சக்கர நாற்காலியில் ஒரு மூதாட்டி ஜன்னல் பக்கம் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கூட வந்த பேத்தி, "நான் இறங்கியது இந்த இடம்தானா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்" என்றாள். என் மாமியாருக்கு ஆங்கிலம் தெரியாது. போய் அவர் பக்கத்தில் நின்றுகொண்டார். இருவரும் கொஞ்ச நேரம் தண்ணீரைப் பார்த்தார்கள்.

ஸ்கார்பரோவிலிருந்து:

மெல்போர்ன் தங்கச்சிக்கு: பார்த்தார். ஆனால் பதினொரு வருடம் ஆனது. அவ்வளவு காசு சேர்க்க முடியவில்லை. 1957-இல் இரண்டு பிள்ளைகளோடு போனார். தாயார் இருந்தார், தகப்பனார் இல்லை.

போன மறுநாள் காலையில், தெருமுனை பேக்கரிக்குப் போய் அந்தப் பழைய சாம்பல் நிறப் பாண் வேண்டும் என்று கேட்டாராம். ஊரில் எல்லோரும் வெறுத்த பாண். அதன் ருசி தனக்கு மறந்துபோனது என்பதை ஊருக்குத் திரும்பிப் போன கப்பலில்தான் உணர்ந்ததாகச் சொன்னார். பேக்கரிக்காரர் சிரித்துவிட்டு, போன வருடத்தோடு அதை நிறுத்தியாகிவிட்டது, இனி யார் கேட்கப் போகிறார்கள் என்றாராம். சரி என்று வெள்ளைப் பாண் ஒன்றை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். தாயார் அதை வெட்டி, வெண்ணெய் தடவி, சின்ன வயதில் செய்தது போலவே மொறுமொறுப்பான ஓரத் துண்டை மகளின் தட்டில் வைத்தார்.