கொடைக்கானல் டவுனுக்குள் போகாமல் பழனி மலையில் இரண்டு நாள்: எங்கே போகலாம்?

வைகைக்கரை:
மதுரையிலிருந்து எழுதுகிறேன். பொங்கல் முடிந்து ஒரு வாரம் கழித்து இரண்டு நாள் மலைக்குப் போகலாம் என்று இருக்கிறோம். நான், கணவர், ஒன்பது வயதிலும் ஆறு வயதிலும் இரண்டு வாண்டுகள், அப்புறம் அப்பா. அப்பாவுக்கு எழுபது தாண்டிவிட்டது, ஓய்வு பெற்ற வரலாற்று வாத்தியார், ரோட்டோரம் பழைய கல் ஒன்று கிடந்தாலும் வண்டியை நிறுத்தச் சொல்வார், ஆனால் முழங்கால் வலி இருப்பதால் அதிகம் ஏற முடியாது. போன மே மாதம் கொடைக்கானல் போய், வெள்ளி நீர்வீழ்ச்சிக்குக் கீழேயே மூன்று மணி நேரம் வண்டிக்குள் உட்கார்ந்திருந்தோம், சின்னவன் இரண்டு தடவை வாந்தி, மேலே போய் ஏரியோரம் ஆளுக்கொரு பஜ்ஜி, அவ்வளவுதான், திரும்பிவிட்டோம். இந்தத் தடவை ஏரி, தூண் பாறை எதுவும் வேண்டாம். கிராமம், காடு, பழைய கோயில், அந்தக் காலத்தில் பலகைக் கல்லால் கட்டிய கல்திட்டை இருக்கிறது என்கிறார்களே அது, இந்த மாதிரி சொல்லுங்கள். சொந்தக் கார்தான்.

காப்பிக்கொட்டை:
தாண்டிக்குடி போங்கள், வேறு யோசனையே வேண்டாம். வத்தலக்குண்டு பக்கமிருந்து சித்தரேவு, பெரும்பாறை வழியாக ஏறும் ரோடு, கொடைக்கானல் காட் ரோட்டுக் கூட்டம் இந்தப் பக்கம் வராது. ரோடு குறுகல், பஸ் எதிரே வந்தால் ஒதுங்க இடம் பார்த்துத்தான் ஓட்ட வேண்டும், இரவில் ஏறாதீர்கள். நாலாயிரம் அடிக்கு மேல் இருந்தாலும் கொடைக்கானல் குளிர் இருக்காது. வழி நெடுக காப்பித் தோட்டம், நிழலுக்கு நிற்கும் மரங்களில் மிளகுக் கொடி, நடுநடுவே மலைவாழை, ஆரஞ்சு. காப்பி வாரியத்தின் ஆராய்ச்சி நிலையமே அங்கே இருக்கிறது. நீங்கள் போகிற நேரம் பழம் பறித்துக் காயப்போடும் சமயம், பிள்ளைகள் காப்பிப் பழத்தை வாயில் போட்டுப் பார்க்கட்டும், தோலுக்கு அடியில் இருக்கும் சதை இனிக்கும்.

ஊரில் பாலமுருகன் கோயில். முருகன் இங்கிருந்துதான் பழனிக்குத் தாண்டிக் குதித்தார், 'தாண்டிக்குதி'தான் தாண்டிக்குடி ஆயிற்று என்பது ஊர்க்கதை. உங்கள் அப்பா ஒத்துக்கொள்ள மாட்டார், பரவாயில்லை, அவருக்கு வேறு இருக்கிறது. இந்த ஊரில் அகழாய்வு நடந்து பெருங்கற்காலத்து ஈமச்சின்னங்களிலிருந்து சூதுபவளம் என்கிற சிவப்புக் கல்லில் செய்த மணிகள் கிடைத்தன. அந்தக் கல் இந்த மலையில் விளைவதில்லை. அப்படியென்றால் இரண்டாயிரம் வருடத்துக்கு முன்னாலேயே இந்த மேட்டுக்கு வியாபாரி ஏறி வந்திருக்கிறான். எதைக் கொடுத்து வாங்கினார்கள்? மிளகு, ஏலக்காய் என்று நான் நினைத்துக்கொள்வேன், அப்பாவிடம் கேட்டுச் சொல்லுங்கள்.

பூண்டுக்காரன்:
தாண்டிக்குடி நல்ல ஊர்தான், ஆனால் மலைக்குப் போய்விட்டு ஸ்வெட்டர் போடாமல் திரும்பினால் வாண்டுகள் சும்மா விடுமா? மேல்மலைக்கு வாருங்கள். பூம்பாறை, மன்னவனூர், பூண்டி, கவுஞ்சி. பூம்பாறை கொடைக்கானலிலிருந்து இருபது கிலோமீட்டர்தான், ரோட்டு வளைவிலிருந்து பார்த்தாலே ஊர் மொத்தமும் தெரியும், படிப்படியாக வெட்டிய வயல்கள், நடுவில் நெருக்கியடித்த வீடுகள். பூண்டு, உருளை, கேரட். கொடைக்கானல் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு 2019-இல் கிடைத்தது, ஒரு கிலோ வாங்கிப் போய் அடுப்புக்கு மேலே புகையில் தொங்கவிட்டால் மாதக்கணக்கில் கெடாது (காஸ் அடுப்பு வீட்டில் எங்கே புகை என்று கேட்காதீர்கள்).

குழந்தை வேலப்பர் கோயிலை விட்டுவிடாதீர்கள். அருணகிரிநாதர் தூங்கும்போது கொல்ல வந்த அரக்கியிடமிருந்து, முருகன் குழந்தையாக வந்து காப்பாற்றியதாகச் சொல்வார்கள். தேர்த்திருவிழாவில் தேருக்கு முன்னாலும் பின்னாலும் வடம் கட்டி இழுப்பார்கள். தெருவெல்லாம் சரிவு, பின்னால் பிடிக்க ஆள் இல்லாவிட்டால் தேர் தானாகவே ஓடிவிடும். கோயில் வரைக்கும் வண்டி போகும், அப்பாவுக்குச் சிரமமில்லை. மன்னவனூரில் புல்வெளி, ஏரி, 1965-இல் தொடங்கிய மத்திய அரசின் ஆட்டுப் பண்ணை, முயலும் வளர்க்கிறார்கள். உங்கள் சின்னவன் அங்கிருந்து கிளம்ப மாட்டான். தை மாதம் விடிகாலையில் அந்தப் புல்மேல் உறைபனி பார்க்கலாம்.

வைகைக்கரை:
இரண்டுமே ஆசையாக இருக்கிறது. முதல் நாள் தாண்டிக்குடி, அடுத்த நாள் மன்னவனூர் என்று வைத்தால் முடியுமா? கல்திட்டையை எங்கே பார்ப்பது என்று யாரும் சொல்லவில்லையே?

நடைராசா:
சகோதரி, இரண்டையும் சேர்க்காதீர்கள். தாண்டிக்குடியிலிருந்து பண்ணைக்காடு வழியாக ஊத்துக்கு வந்து காட் ரோட்டைப் பிடித்து, நீங்கள் வேண்டாம் என்கிற அதே கொடைக்கானல் டவுனைக் கடந்துதான் பூம்பாறைக்கே போக முடியும். பூண்டுக்காரன் அதைச் சொல்லாமல் நழுவிவிட்டார். காலை எட்டு மணிக்கு முன்னால் டவுனில் இருக்கும் மூஞ்சிக்கல்லைத் தாண்டினால் தப்பித்தீர்கள், இல்லையென்றால் போன மே மாதம்தான் மறுபடியும். ஆறு வயதுப் பையனின் வயிற்றையும் பாருங்கள்.

கல்திட்டை கேட்டீர்கள். பெருமாள்மலைக்குக் கீழே பேத்துப்பாறைப் பக்கம் இருக்கிறது, தாண்டிக்குடி வட்டாரத்திலும் இருக்கிறது. போர்டு, டிக்கெட் எதுவும் எதிர்பார்க்காதீர்கள். 'கல்திட்டை' என்று கேட்டால் விழிப்பார்கள், 'குள்ளர் குகை எங்கே?' என்று டீக்கடையில் கேளுங்கள், கூடவே ஒரு ஆளும் வருவார். நாலு பக்கமும் பலகைக் கல் நிறுத்தி மேலே ஒரு மூடுகல், உள்ளே ஆள் நிமிர்ந்து நிற்க முடியாது, அதனால்தான் குள்ளர்கள் வாழ்ந்த வீடு என்ற கதை. உண்மையில் அவை செத்தவர்களுக்காக எழுப்பியவை. இந்த மலையில் பெரும்பாலும் மண்ணைத் தோண்டாமல் வெறும் பாறை மேலேயே கட்டியிருக்கிறார்கள், கீழே பள்ளத்தாக்கு தெரிகிற மாதிரி இடமாகப் பார்த்து. கொடைக்கானல் பக்கத்துச் செண்பகனூர் சேசு சபைக் கல்லூரியில் இருந்த ஆங்லாட் என்ற பாதிரியார் இவற்றைத் தேடித்தேடி நடந்து அளந்து எழுதியதை 1928-இல் தொல்லியல் துறை வெளியிட்டது. அவர் பார்த்ததில் பல இப்போது கிடையாது, புதையல் ஆசையில் புரட்டிப் போட்டுவிட்டார்கள், மிச்சத்தில் சிலதை வேலிக்காலாக நட்டிருப்பதை என் கண்ணாலேயே பார்த்தேன். பிள்ளைகளை மூடுகல் மேல் ஏற்றி போட்டோ எடுக்காதீர்கள், பல கற்கள் சும்மா தாங்கிக்கொண்டு நிற்பவை.

அப்பாவுக்கு இன்னொன்று. சங்க இலக்கியத்துக் கோடைமலை இதுதான் என்பார்கள், புறநானூறு 205-இல் வரும் கடிய நெடுவேட்டுவன் இந்த மலைத் தலைவன். பக்கத்தில் பொதினியோ, அதாவது இப்போதைய பழனி, பேகனின் நாடு. மயிலுக்கே போர்வை கொடுத்த மலை, அப்பாவுக்கு நீங்கள் ஒன்று எடுத்துப் போங்கள். தாண்டிக்குடி என்றாலும் ராத்திரி குளிரத்தான் செய்யும், காப்பிக்கொட்டை ஊர்ப்பாசத்தில் சொல்கிறார்.

காப்பிக்கொட்டை:
சரி, ஒரு போர்வை. இரண்டு வேண்டாம்.

கொண்டையூசி:
நடைமுறை விஷயம் யாரும் சொல்லவில்லை. 2024 மே மாதத்திலிருந்து கொடைக்கானலுக்கு வெளியூர் வண்டிக்கு இ-பாஸ் வேண்டும், ஆன்லைனில் காசில்லாமல் கிடைக்கும், தாண்டிக்குடி மட்டும்தான் என்றாலும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், வாதாடி நிற்பதைவிட அது மேல். அரசு பஸ்ஸில் போனால் அது தேவையில்லை. ஐந்து லிட்டருக்குக் குறைவான பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை, பிடித்தால் பாட்டிலுக்கு 20 ரூபாய் பசுமை வரி, எவர்சில்வர் பாட்டில் எடுத்துப் போங்கள்.

தங்குகிற இடத்தை போட்டோவைப் பார்த்து பிடிக்காதீர்கள். போன வருடம் நாங்கள் 'பள்ளத்தாக்குக் காட்சி' என்று பணம் கட்டிய அறையில் ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்துத் தண்ணீர்த் தொட்டி. அட்டைப்பூச்சி தை மாதத்தில் குறைவு, இருந்தாலும் ஒரு பொட்டலம் உப்பு பையில் இருக்கட்டும். சாயங்காலம் ரோட்டில் காட்டுமாடு நின்றால் ஹாரன் அடிக்காமல் நில்லுங்கள், அது போகும். பெரும்பாறைப் பக்கம் இருக்கும் புல்லாவெளி அருவியை தூரத்திலிருந்து மட்டும் பாருங்கள், பாறை வழுக்கும், அங்கே உயிர் போயிருக்கிறது. முக்கியமாக, தைப்பூசம் எப்போது என்று காலண்டரைப் பார்த்துவிட்டுத் தேதி வையுங்கள். அந்த வாரம் ஒட்டன்சத்திரம், பழனி ரோட்டில் பாதயாத்திரைக் கூட்டம், இறங்கும்போது அந்தப் பக்கம் வந்துவிடாதீர்கள்.

வைகைக்கரை:
அப்பாவிடம் எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன். தாண்டிக்குடிதான், இரண்டு நாளும் அங்கேயே, மன்னவனூர் ஆடுகள் சித்திரை லீவுக்கு. சூதுபவளத்துக்கு பதிலாக எதைக் கொடுத்தார்கள் என்று கேட்டதற்கு, மிளகு என்று ஆதாரமில்லாமல் எழுதினால் மார்க் கிடையாது என்றார். நேற்றே மடக்கு ஸ்டூல் ஒன்று வாங்கி வந்து ஹாலில் உட்கார்ந்து பழகிக்கொண்டிருக்கிறார், குள்ளர் குகைக்கு முன்னால் போட்டு உட்காரவாம்.