ஆள்குறைப்பு வரும்போல் இருக்கிறது: காத்திருப்பதா, கிளம்புவதா?

துரைப்பாக்கம்_டெஸ்டர்:
சோழிங்கநல்லூரில் ஒரு ஐடி நிறுவனத்தில் டெஸ்டிங் வேலை. சேர்ந்து 4 வருடம் 3 மாதம் ஆகிறது. எங்கள் புராஜெக்ட் அடுத்த மாதம் முடிகிறது. எட்டுப் பேர் உட்கார்ந்த வரிசையில் இப்போது மூன்று பேர். மற்ற மேஜைகளில் மானிட்டரைக்கூடக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். மேனேஜரிடம் கேட்டால் "உனக்கு ஒன்றும் ஆகாது" என்கிறார், ஆனால் என் முகத்தைப் பார்க்காமல். கையில் ஒரு ஆஃபர் இருக்கிறது. இப்போது வாங்குவது மாதம் 70,000, அங்கே 63,000. அப்பாவுக்கு வாரம் இரண்டு முறை டயாலிசிஸ், கம்பெனி இன்சூரன்ஸில்தான் ஓடுகிறது. என்ன செய்யலாம்?

நெய்தல்:
கிளம்பு தம்பி. நான் காத்திருந்து பட்டவள். காலை 11 மணிக்கு அறைக்குள் கூப்பிட்டார்கள், "நீங்களாக ராஜினாமா எழுதினால் ரிலீவிங் லெட்டர் சுத்தமாக வரும்" என்றார்கள். மாலை 4 மணிக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு, சாப்பாட்டுப் பையோடு பேருந்து நிறுத்தத்தில் நின்றேன். அடுத்த வேலை கிடைக்க ஏழு மாதம். வேலையில் இருக்கும்போது சம்பளம் பேசலாம்; போன பிறகு அவர்கள் சொல்வதுதான் சம்பளம். டிசிஎஸ் 2025 ஜூலையில் சுமார் 12,000 பேரைக் குறைப்பதாக அறிவித்தது நினைவிருக்கும். அப்படி ஒரு கூட்டம் ஒரே நேரத்தில் வெளியே வரும்போது, உன் ரெஸ்யூமை யார் திறந்து பார்ப்பார்கள்?

கணக்குப்பிள்ளை:
அக்கா பட்டது உண்மை, வருத்தமாக இருக்கிறது. ஆனால் அந்தக் கையெழுத்தைப் போடாமல் இருப்பதுதான் வழி. ராஜினாமா என்று எழுதிவிட்டால் இழப்பீடு கேட்க முடியாது. நிறுவனமே நீக்கினால் ஒரு மாத நோட்டீஸ், வேலை செய்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சம்பளம். 1947-இன் தொழிற்தகராறு சட்டத்தில் இருந்தது, 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத் தொகுப்பிலும் இருக்கிறது. தம்பிக்கு அதுவே 1,40,000 ரூபாய் வரும். அப்புறம் கிராஜுவிட்டி, அதாவது பல வருடம் வேலை செய்தவர் விலகும்போது நிறுவனம் தரும் தொகை. ஐந்தாவது வருடத்தில் 240 நாள் ஆனாலே தகுதி உண்டு என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இன்னும் ஐந்து மாதம்தான். பேசிக் (அடிப்படைச் சம்பளம்) 35,000 என்றால் ஒரு லட்சம் சொச்சம்.

நெய்தல்:
பல கம்பெனிகள் ஐந்து வருடம் முழுதாக முடிந்தால்தான் கிராஜுவிட்டி என்று நிற்கின்றன. வாங்க வேண்டுமென்றால் அலைய வேண்டும். பதவியில் "லீட்" என்று ஒட்டியிருந்தால், நீ தொழிலாளியே இல்லை, அந்தச் சட்டம் உனக்குப் பொருந்தாது என்று வாதாடுவார்கள். வாரம் இரண்டு நாள் அப்பாவோடு ஆஸ்பத்திரியில் உட்காரும் பிள்ளை லேபர் ஆபீஸ் படி எப்போது ஏறும்?

கணக்குப்பிள்ளை:
எல்லோரும் இப்படி நினைப்பதால்தான் அவர்களுக்கு வசதியாக இருக்கிறது. ஐடி ஊழியர்களுக்கும் தொழிற்தகராறு சட்டம் பொருந்தும், சங்கம் அமைக்கலாம் என்று தமிழக அரசே 2016-இல் தெளிவுபடுத்தியது. தனியாக ஏற வேண்டியதில்லை. இன்னொன்று, மாதம் 7,000 குறைவு என்றால் வருடத்துக்கு 84,000. அடுத்தடுத்த சம்பள உயர்வும் அந்தக் குறைந்த தொகையில்தான் ஏறும்.

கிண்டி_ரயிலடி:
இரண்டு பேரும் அப்பாவை விட்டுவிட்டீர்கள். புது கம்பெனியின் பாலிசியில் பெற்றோர் உண்டா, ஏற்கெனவே இருக்கும் நோய்க்கு முதல் நாளிலிருந்தே கவர் உண்டா? மெயிலில் பதில் வாங்காமல் பேப்பர் (ராஜினாமா) போடாதீர்கள். பழைய இன்சூரன்ஸ் பெரும்பாலும் கடைசி வேலை நாளோடு நின்றுவிடும்.

துரைப்பாக்கம்_டெஸ்டர்:
கேட்டேன். பெற்றோர் உண்டு, டயாலிசிஸுக்குக் காத்திருப்புக் காலம் இல்லை என்று எழுத்தில் வந்துவிட்டது. ஆனால் ஒவ்வொரு பில்லிலும் 20 சதவீதம் நாங்கள் கட்ட வேண்டும். கணக்கு அண்ணா சொல்வது நியாயம்தான், ஆனால் ஒரு மாதம்கூட அப்பாவின் சிகிச்சை நிற்க முடியாது. இன்று இரவு வீட்டில் பேசிவிட்டு நாளை பேப்பர் போடுகிறேன்.

கணக்குப்பிள்ளை:
சரி தம்பி. நான் உன் இடத்தில் இருந்தால் காத்திருப்பேன், அதில் மாற்றமில்லை. பிஎஃப் பணத்தை மட்டும் எடுத்துவிடாதே, புது கணக்குக்கு மாற்றிக்கொள். ஐந்து வருடத்துக்குள் எடுத்தால் வரி பிடிப்பார்கள்; மாற்றினால் இந்த 4 வருடமும் சேர்த்துக் கணக்கில் வரும்.