237 × 33: கேலாக்டிகாவோட 130 மணி நேரம்

கணக்குப்பிள்ளை:
'பேட்டில்ஸ்டார் கேலாக்டிகா'ங்கிற விண்வெளி டிவி தொடரோட "33" எபிசோட்ல ஓட்டையே கிடையாது, கணக்குகூடக் கச்சிதம்னு நேத்து வைப்பர்வீரன் பக்கத்து இழையில அளந்து விட்டிருக்கார். சரி, கணக்கையே பார்ப்போம். மனுஷங்களை அழிக்கத் துரத்துற இயந்திர இனமான சைலான்கள் 33 நிமிஷத்துக்கு ஒரு தடவை வர்றாங்க, ஒவ்வொரு தடவையும் மனுஷங்களோட மொத்தக் கப்பல்களும் ஜம்ப் பண்ணி, அதாவது நொடியில வேற இடத்துக்குத் தாவி, தப்பிக்குது. கதை தொடங்குறப்பவே 237 ஜம்ப் முடிஞ்சாச்சு, 130 மணி நேரத்துக்கு மேல தூக்கம் இல்லை. 237 × 33 = 7821 நிமிஷம். 130 மணி 21 நிமிஷம். அழகு! அப்ப சண்டை எப்ப நடந்துச்சு? சைலான் வந்த பிறகுதான் சின்னப் போர் விமானங்களான வைப்பர்கள் போய் மறிக்குது, சிவில் கப்பல்கள் ஒவ்வொண்ணா கிளம்புது, வைப்பர்கள் திரும்பி வந்து இறங்குது, கடைசியா போர்க்கப்பல் கேலாக்டிகா. இத்தனைக்கும் கஞ்சத்தனமா 2 நிமிஷம் வச்சாலும் ஒரு சுற்று 35. மொத்தம் 138 மணி 15 நிமிஷம். எழுதினவர் பெருக்கிப் பார்த்துட்டு கால்குலேட்டரை மூடி வச்சுட்டார், அவ்வளவுதான்.

வைப்பர்வீரன்:
"130-க்கு மேல". மேல. 138 என்ன 130-க்குக் கீழயா இருக்கு? கணக்குப்பிள்ளைன்னு பேர் வச்சா மட்டும் போதாது சார்.

கணக்குப்பிள்ளை:
138-ஐ யாரும் "130-க்கு மேல"ன்னு சொல்ல மாட்டாங்க. 140-னு சொல்வாங்க. 130 மணி 21 நிமிஷத்தைத்தான் அப்படிச் சொல்வாங்க. சண்டைக்கு நேரம் பூஜ்யம்.

அரைத்தூக்கம்:
130-ஓ 138-ஓ, உடம்பு தாங்குமாங்கிறதுதான் முக்கியம். 1964-ல ராண்டி கார்ட்னர்ங்கிற 17 வயசுப் பையன் 264 மணி நேரம் முழிச்சிருந்தான், ஊக்க மருந்து இல்லாம. ஆனா அவன் யாரையும் சுட வேண்டியிருக்கலை. எபிசோட் சரியாப் பிடிச்ச இடம் வேற. இவ்வளவு காஞ்சு கிடக்கிற மூளை கண்ணை மூடின உடனே ஆழ்ந்த தூக்கத்துக்குப் போயிடும். 20 நிமிஷத்துல உலுக்கி எழுப்பினா கொஞ்ச நேரத்துக்கு முன்னைவிட மந்தமா இருக்கும். நாசா விமானிகள் ஆய்வுல 40 நிமிஷ அவகாசத்துல சராசரி 26 நிமிஷம் தூங்கி எழுந்து தெளிவா இருந்தாங்க. ஆனா அவங்க நாள்கணக்கா முழிச்சுக் கிடந்தவங்க இல்லை. வைப்பர் விமானி ஸ்டார்பக் முழிச்சிருக்கிற மாத்திரை போட மாட்டேன்னு விமானிகளோட தலைவன் அப்போலோகிட்ட மல்லுக்கு நிக்கிற காட்சி, அந்த எரிச்சல், அது அசல்.

கணக்குப்பிள்ளை:
மாத்திரை இருக்கட்டும். வைப்பர் இறங்க நேரம் எங்கே?

பழையகப்பல்78:
1978-ல வந்த மூலத் தொடர்ல இந்த அழுமூஞ்சித்தனம் எல்லாம் கிடையாது. விண்வெளின்னா விண்வெளி. 2005-ல வந்த இதுல பாதி நேரம் கேமரா ஆடுது, மீதி நேரம் ஆள் ஆடுறான்.

வைப்பர்வீரன்:
2005 இல்லை அண்ணே. 2004 அக்டோபர் 18, பிரிட்டன்ல ஸ்கை ஒன் சேனல். அமெரிக்காவுலதான் 2005 ஜனவரி 14. கேமரா ஆடுறதுதான் பலமே. அதோட முதல் ஜம்ப்பைக் காட்டவே இல்லை, நேரா 237-ல கொண்டுபோய்த் தள்ளுறார் இயக்குநர் மைக்கேல் ரைமர். அதே 2005-ல அறிவியல் புனைகதைக்கான ஹியூகோ விருது வாங்கிச்சு.

பழையகப்பல்78:
விருது வாங்கினா கணக்கு சரியாயிடுமா? போன மாசமும் இதே விருதைத்தான் தூக்கிட்டு வந்தீங்க.

நிலாமுற்றம்:
ஒரு நல்ல எபிசோட் என்றால் என்ன என்று முதலில் முடிவு செய்துகொள்ளலாமே? தர்க்கப் பிழை இல்லாததா, மனத்தை உலுக்குவதா? என் பார்வையில் பெரிய பலவீனம், சைலான்கள் அழித்த கப்ரிகா கிரகத்தில் நடக்கும் காட்சிகள். கப்பலில் கடிகாரம் கழுத்தை நெரிக்கும்போது, அங்கே சிக்கிக்கொண்ட விமானி ஹீலோ மழைக்காட்டில் நனைவதைக் காட்டினால் இறுக்கம் தளர்ந்துவிடுகிறது.

வைப்பர்வீரன்:
மூச்சு விட இடம் வேணுங்க. அதோட ஹீலோவைக் காப்பாத்த வர்ற ஷாரன் அங்க சிக்ஸ்ங்கிற மனுஷி உருவச் சைலானைச் சுடலைன்னா அந்த சீசனோட பாதிக் கதை கிடையாது.

கணக்குப்பிள்ளை:
எல்லாரும் நழுவுறீங்க. இன்னொரு அடி தர்றேன். 237 ஜம்ப்புக்கு நடுவுல இடைவெளி எத்தனை? 236. அஞ்சு கம்பம் நட்டா நடுவுல நாலு இடம்தான். 236 × 33 = 7788. 129 மணி 48 நிமிஷம். 130-ஐக்கூடத் தொடலை!

வைப்பர்வீரன்:
ஆகா, சொந்த கோல்! 236 இடைவெளியில 33 மட்டும்னா 130 வராது. சண்டைக்கு ஒரு நிமிஷம் சேருங்க: 236 × 34 = 8024, 133 மணி 44 நிமிஷம். "130-க்கு மேல". நீங்களே சண்டைக்கு நேரம் கண்டுபிடிச்சுக் கொடுத்துட்டீங்க. நன்றி.

கணக்குப்பிள்ளை:
ஒரு நிமிஷத்துல அத்தனை வைப்பரும் உள்ளே வந்துடுமா? ஓடுதளத்துல வரிசை கட்டி நிக்குதா?

அரைத்தூக்கம்:
ஒலிம்பிக் கேரியர் பத்தி யாரும் பேசப்போறதில்லையா? 1,345 பேர் இருந்த கப்பல். அது பின்தங்கின தடவை மட்டும் 33 நிமிஷம் ஆகியும் சைலான் வரலை. அது திரும்பி வந்ததும் அவங்களும் வர்றாங்க. உள்ளே அணு ஆயுதம் இருக்குன்னு கருவி காட்டுது, நில்லுன்னா நிக்கலை. சுட்டுத் தள்ளுறாங்க. ஜன்னல்ல ஆள் இருந்தாங்களாங்கிறதை முடிச்சுப் போடாம விட்டதுதான் இதை எழுதின ரொனால்ட் மூரோட துணிச்சல்.

பழையகப்பல்78:
துணிச்சல் இல்லை, சோம்பேறித்தனம். ஏன் 33, எப்படிப் பின்தொடர்றாங்க, எதுக்கும் எபிசோட்ல பதில் இல்லை.

நிலாமுற்றம்:
இறுதியில் ஒரு குழந்தை பிறந்து, பலகையில் உயிரோடு மிஞ்சியவர்களின் எண்ணிக்கை 47,973 ஆகிறது. அந்த ஒற்றை எண்ணுக்காகவே கப்ரிகாவை மன்னிக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். நான் மன்னிக்கவில்லை.

வைப்பர்வீரன்:
உங்ககிட்ட யார் மன்னிப்புக் கேட்டா?

கணக்குப்பிள்ளை:
எண்ணிக்கைன்னதும் ஞாபகம் வருது. ஜம்ப் ஆன பிறகுதான் கடிகாரத்தைத் திரும்ப ஓட விடுறாங்க. அப்ப 33-ங்கிறது வந்து சேர்ந்ததுல இருந்து சைலான் வர்ற வரைக்கும் மட்டும். சண்டை அதுக்கு வெளியே. வெளியே! 35-னு வச்சு 236-ஆல பெருக்கிப் பாருங்க: 137 மணி 40 நிமிஷம்.

வைப்பர்வீரன்:
130-க்கு மேல.