அன்பைச் சொல்லித்தரும் சிறுவர் நிகழ்ச்சிகள் மனதில் தங்குமா?

இளவேனில்:
என் மகனுக்கு நான்கு வயது. அவன் பார்க்கும் கார்ட்டூன்களில் யாராவது தடுக்கி விழுந்தால் எல்லோரும் சிரிக்கிறார்கள், அவனும் சிரிக்கிறான். கடைசியில் மட்டும் ‘அன்பாக இருங்கள்’ என்று ஓர் அறிவுரை வருகிறது. அது அவன் காதில் ஏறுவதாகவே தெரியவில்லை. கனிவு நிஜமாகவே மனதில் பதியும்படியான நிகழ்ச்சி உண்டா?

தாமரை:
மழலையர் வகுப்பு எடுப்பவள் என்ற முறையில் சொல்கிறேன்: அறிவுரை நிற்காது, கண்ணால் கண்டது நிற்கும். அமெரிக்காவில் 1968 முதல் 2001 வரை ‘மிஸ்டர் ரோஜர்ஸ் நெய்பர்ஹுட்’ என்ற நிகழ்ச்சி ஒளிபரப்பானது. அதை நடத்திய ஃப்ரெட் ரோஜர்ஸ் தொட்டி மீன்களுக்குத் தீனி போடுவார். பார்வையற்ற சிறுமி ஒருத்தியிடமிருந்து அவருக்குக் கடிதம் வந்தது. தீனி போடும்போது வாய்விட்டுச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் மீன்கள் பட்டினியோ என்று கவலையாக இருக்கிறது என்று கேட்டிருந்தாள். அதன் பிறகு அவர் ‘மீனுக்குத் தீனி போடுகிறேன்’ என்று சொல்லிவிட்டே போட்டார். காரணம் தெரியாத பிள்ளைகளுக்கு அது சாதாரணப் பேச்சு. ஆனால் எங்கோ இருக்கும் ஒரு குழந்தையின் கவலைக்கு ஒரு பெரியவர் காது கொடுத்தார் பாருங்கள், அதைவிடப் பெரிய பாடம் எந்த அறிவுரையில் இருக்கிறது? அவர் அவசரப்படவும் மாட்டார். குழந்தை யோசித்து முடிக்கும்வரை காத்திருப்பார்.

கதிர்:
தாமரை சொல்வது சரி. ஆனால் நிதானமாக நகர்ந்தால்தான் கனிவு என்று நினைத்துவிட வேண்டாம். ‘செசமி ஸ்ட்ரீட்’ என்ற அமெரிக்கச் சிறுவர் நிகழ்ச்சி ஒரே ஆட்டமும் பாட்டுமாக இருக்கும். அதில் கடைக்காரர் ஹூப்பராக நடித்த வில் லீ 1982இல் காலமானார். வேறு நடிகரைப் போட்டோ, ஊர் மாறிப் போனார் என்று கதை கட்டியோ சமாளித்திருக்கலாம். அவர்கள் அப்படிச் செய்யவில்லை. 1983இல் அந்நிகழ்ச்சியின் பெரிய மஞ்சள் பறவைப் பாத்திரமான பிக் பேர்ட், தான் வரைந்த படத்தை ஹூப்பருக்குக் கொடுக்கக் காத்திருக்க, அவர் இறந்துவிட்டார், இனி வரமாட்டார் என்று பெரியவர்கள் நேராகவே சொன்னார்கள். குழந்தையிடம் பொய் சொல்லாததும் கனிவுதான்.

இளவேனில்:
இருவருக்கும் நன்றி. ஹூப்பர் காட்சியை நான்கு வயதில் காட்டலாமா?

தாமரை:
முதலில் நீங்கள் தனியாகப் பாருங்கள். வீட்டில் அண்மையில் துக்கம் நேர்ந்திருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து காட்டுங்கள், அவன் கேட்டால் பதில் சொல்லுங்கள். கார்ட்டூனில் யாராவது விழும்போது, ‘அவனுக்கு வலித்திருக்குமா?’ என்று மட்டும் கேட்டு வையுங்கள். சிரிக்காதே என்று அதட்ட வேண்டாம்.