ஷியர் கோட்டுக்குத் தமிழ்ச்சொல்: கையேடு அச்சுக்குப் போகிறது

நெய்தல், நாகர்கோவில்

அனைவருக்கும் வணக்கம். படகு கட்டும் பயிற்சிக்கு வரும் மாணவர்களுக்காக ஒரு சிறு கையேட்டை மொழிபெயர்த்து வருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குக் கொடுக்க வேண்டும். முதல் பாடம் 'உங்கள் கனவுப் படகை வரையுங்கள்'. அதில் வரும் முதல் கோட்டிலேயே நின்றுவிட்டேன்.

படகைப் பக்கவாட்டில் நின்று பாருங்கள். மேல்விளிம்பு அணியத்தில், அதாவது முன்முனையில், உயர்ந்து, நடுவுக்குச் சற்றுப் பின்னால் தாழ்ந்து, பின்புறம் மறுபடி கொஞ்சம் எழும்பும். அந்தக் கோட்டைத்தான் ஷியர் என்கிறார்கள். படகு வடிவமைப்பாளர் ஹோவர்ட் சாப்பெல் 1941-இல் வெளியிட்ட 'போட்பில்டிங்' முதல் இன்றைய கணினி மென்பொருள் வரை இந்தச் சொல்தான் புழங்குகிறது. நானும் ஷியர் என்றே எழுதியிருந்தேன். பாலிடெக்னிக் முடித்த ஒரு பையன் படித்துவிட்டு, "இது சறுக்குப் பெயர்ச்சிதானே அக்கா?" என்று கேட்டான். இயற்பியலில் அவன் படித்த ஷியர் வேறு, ஒரு பொருளின் அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று நழுவுவது அது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் எழுத்து வேறு, தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன.

ஏரா (அடிமரம்), வங்கு (விலா மரம்), அணியம் போன்ற சொற்களைத் தேடி அலைய வேண்டியதில்லை, படகு கட்டும் ஓடாவிகளிடமே இருக்கின்றன. இதற்கு மட்டும் நான் கேட்ட இடத்தில் எல்லாம் "முன்னால தூக்கு, நடுவுல இறக்கு" என்று கையால் காட்டுகிறார்கள். உதவுங்கள்.

புலவர், தஞ்சாவூர்

அன்புள்ள அம்மா, 'ஏந்துகோடு' என்று வையுங்கள்.

ஏந்துகோட்டு யானை என்பது சங்கப் பாட்டில் பழகிய தொடர். மேல்நோக்கி எழும் தந்தத்தின் வளைவு அது. கோடு என்றால் வரி, தந்தம், கொம்பு, கரை, மலைமுகடு எல்லாமே. வேர் கோடுதல், அதாவது வளைதல். 'கோடாமை சான்றோர்க்கு அணி' என்று வள்ளுவர் சொல்வது வளையாமையைத்தான். இன்று நேர்கோடு என்கிறோம். சொல்லின் பிறப்பைப் பார்த்தால் வளைந்ததற்கே கோடு என்று பெயர். வினைத்தொகையாக வருவதால் ஏந்திய கோடு, ஏந்துகின்ற கோடு, ஏந்தும் கோடு என மூன்று காலமும் அடங்கும். கட்டி முடித்த படகுக்கும் பொருந்தும், கனவில் இருக்கும் படகுக்கும் பொருந்தும்.

கப்பற்பொறியாளர், விசாகப்பட்டினம்

ஐயா, சொல் அழகாக இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் ஏந்தாத ஷியரும் உண்டு. விளிம்பு நேராகப் போகும் படகுகள் இருக்கின்றன. நடுவில் புடைத்து இரு முனையிலும் தாழும் தலைகீழ் ஷியரும் உண்டு, சிறிய பாய்மரப் படகுகளில் உள்ளே தலை இடிக்காமல் இருக்க அப்படி வரைவார்கள். 'தலைகீழ் ஏந்துகோடு' என்று மாணவன் எழுதினால் என்ன புரியும்? சொல் இடத்தைக் குறிக்கட்டும், வடிவத்தைக் குறிக்க வேண்டாம். என் பரிந்துரை 'விளிம்புக்கோடு'.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். எங்கள் துறையில் ஷியர் ஓர் அளவும்கூட. கப்பலின் நடுவில் தள விளிம்பு இருக்கும் மட்டத்தைவிட முனையில் அது எவ்வளவு உயர்ந்திருக்கிறது என்பது மில்லிமீட்டரில் கணக்காகும். கப்பலில் எவ்வளவு சுமை ஏற்றலாம் என்று வரையறுக்கும் 1966 சுமைக்கோட்டு உடன்படிக்கையில் இதற்கு ஒரு நியம அளவு இருக்கிறது. முன்முனை உயரம் பின்முனை உயரத்தைப் போல இரண்டு மடங்கு. அலையை முதலில் வாங்குவது அணியம் என்பதால் அங்கே அதிகம். கப்பலில் அது குறைந்தால், நீருக்கு மேல் விட வேண்டிய பக்க உயரத்தைக் கூட்டச் சொல்வார்கள். ஆக, கோட்டுக்கு ஒரு சொல், அளவுக்கு ஒரு சொல். அளவை 'விளிம்பேற்றம்' என்னலாம்.

படகுப்பித்தன், சென்னை

நண்பர்களே, மாணவனுக்கு ஷியர் என்றே சொல்லிக் கொடுங்கள், இயற்பியல் ஷியர் வேறு என்று ஒரு வரி சேர்த்தால் போதும். நாளைக்கு அவன் சாப்பெல்லைத் திறப்பான், படகு வடிவமைப்பாளர் எல். பிரான்சிஸ் ஹெரெஷாஃபின் நூலைத் திறப்பான், இணையத்தில் தேடுவான். எங்கேயும் ஏந்துகோடு கிடைக்காது.

நெய்தல் அக்கா, உங்கள் கையேட்டில் கோடு வரையும் மரச்சட்டத்தைப் பற்றி இருக்கிறதா? மெல்லிய மரச்சட்டத்தை வளைத்து, ஈயக்கட்டி வைத்து நிறுத்தி, அதன் ஓரமாகப் பென்சில் ஓட்டுவார்கள். சட்டம் தானாக எடுக்கும் வளைவில் உடைசல் இருக்காது. அப்புறம் ஒரு சங்கதி. தாளில் சரியாக இருக்கும் ஷியர் படகில் கெட்டுப்போகலாம். அணியம் அகலமான படகை முன்பக்கமாகச் சாய்வில் நின்று பார்த்தால், தோள் பகுதியில் விளிம்பு புடைத்ததுபோலத் தெரியும். ஆகவே மேல்பலகையை ஆணியடிக்கும் முன் நாலு பக்கமும் தள்ளி நின்று கண்ணால் பார்க்க வேண்டும். சாப்பெல்லின் நூலை நான் திரும்பத் திரும்பப் படிப்பது இந்த மாதிரிக் கைவேலைக்காகத்தான். ஹெரெஷாஃப் வேறு ரகம், அவர் படகைக் காதலிக்க வைப்பார். என் கனவுப் படகு அவருடைய ரோசினான்டி, 28 அடி, இரு முனையும் கூர். அந்த ஷியரை வரைய ஒரு முழு இரவு போதாது.

வல்வைப் பெயரன், டொரொன்டோ

எல்லோரும் அமெரிக்கப் படகுகளைப் பற்றிக் கதைக்கிறீர்கள். ஓர் அமெரிக்கரின் கனவுப் படகு யாழ்ப்பாணத்தில் எங்கள் வல்வெட்டித்துறையில் கட்டினது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் 'ஸ்வாப்' என்ற சிறு படகில் உலகைச் சுற்றியவர், படகு கட்டும் தொழிலும் நடத்தியவர். எத்தனையோ வடிவமைப்பாளர்களை அறிந்த அந்த மனுசன் வல்வையின் 'அன்னபூரணி' என்ற கப்பலை விலைக்கு வாங்கினார். அது 'புளோரன்ஸ் சி. ராபின்சன்' என்ற பெயரோடு எங்கள் ஊர் மாலுமிகளின் கையால் 1938-இல் மாசசூசெட்ஸ் குளோஸ்டர் துறைமுகத்தைப் போய்ச் சேர்ந்தது. அந்தக் கப்பலின் விளிம்பை ஓடாவிகள் கண்ணாலே பிடித்தவர்கள். அவர்களிடம் ஒரு சொல் இருந்திருக்கும். ஊரில் வயது போனவர்களிடம் விசாரித்த பிறகு முடிவெடுத்தால் என்ன?

நெய்தல்

அண்ணா, எனக்கும் அந்த ஆசைதான். ஆனால் வெள்ளிக்கிழமை அச்சு. அடுத்த பதிப்பில் சேர்க்கக் கட்டாயம் விசாரியுங்கள்.

புலவர்

பொறியாளர் தம்பி சொன்ன குறையை ஏற்கிறேன், சொல் இடத்தைத்தான் குறிக்க வேண்டும். அப்படியானால் விளிம்பு எதற்கு? பட்டினப்பாலையில் 'வல்வாய்ப் பஃறி' வருகிறது. உப்பு விற்று நெல்லோடு திரும்பும் படகு அது. பானைக்கு வாய் போலப் படகுக்கும் வாய் உண்டு. திறந்த மேற்புறத்தின் ஓரம் அது. ஆகவே 'வாய்க்கோடு'.

இதை ஒட்டி நெடுநாளாக எனக்கொரு எண்ணம். நாவாய் என்ற சொல்லிலேயே இந்த வாய் இருக்கிறது. நாப் போல நீண்டு, வாய் போலத் திறந்தது நாவாய். நாவுதல் என்ற வினையையும் இதோடு வைத்துப் பார்க்க வேண்டும். கொழித்தல், தள்ளுதல் என்று பொருள். துடுப்பு நீரைத் தள்ளுவதும் அதுவே. இதற்கு நான் எழுதிய கட்டுரை இருபது பக்கம், வேண்டுமானால் அனுப்புகிறேன்.

கப்பற்பொறியாளர்

ஐயா, நாவாயை வடமொழி 'நௌ'வோடு சேர்த்துச் சொல்வோரும் உண்டு, கிரேக்கத்திலும் 'நௌஸ்' இருக்கிறது. யார் யாரிடம் வாங்கினார் என்ற வழக்கை இந்த இழையில் முடிக்க முடியாது. வல்வாய்க்கும் அங்கே வலிமை என்றே உரை சொல்லிவிட்டுப் போவார்கள், விளிம்பு என்று அடித்துச் சொல்ல இடமில்லை.

என் கவலை வகுப்பறை. 'வாய்க்கோடு' என்றால் வாய்க்கால் நினைவுக்கு வரும். தளம் மூடிய படகில் வாய் எது? அங்கே ஷியர் என்பது தளமும் பக்கமும் சேரும் ஓரம். விளிம்பு என்றால் திறந்த வள்ளத்துக்கும் மூடிய படகுக்கும் பொருந்தும். கூட்டுச்சொல்லும் எளிது. நேர் விளிம்புக்கோடு, தலைகீழ் விளிம்புக்கோடு. மேல்வரிப் பலகைக்கு விளிம்புப்பலகை. பக்கவாட்டு வரைபடத்தையும் ஆங்கிலத்தில் ஷியர் பிளான் என்பார்கள், அதற்கு மட்டும் பக்கத்தோற்றம் என்று போட்டால் போதும், ஆங்கிலச் சொல்லைப் பின்தொடர வேண்டாம்.

படகுப்பித்தன்

சரி, விளிம்புக்கோடு எனக்குப் புரிகிறது, அதனால் எதிர்க்கவில்லை. ஆனால் எல்லா இடத்திலும் அடைப்புக்குள் ஷியர் என்று போடுங்கள். முதல் முறை மட்டும் போட்டால் பத்தாம் பக்கம் வருவதற்குள் மறந்துபோகும்.

வல்வைப் பெயரன்

எனக்கும் விளிம்புக்கோடு சம்மதம். விளிம்பேற்றம் வேண்டாம். ஓடாவி சொன்ன 'தூக்கு' கையில் இருக்கும்போது ஏன் புதிதாக ஒன்று? முன்தூக்கு, பின்தூக்கு. எந்த வள்ளக்காரனுக்கும் விளங்கும்.

நெய்தல்

எல்லோருக்கும் நன்றி. கையேட்டில் இப்படிப் போகிறது. கோட்டுக்கு விளிம்புக்கோடு, ஒவ்வொரு பாடத்திலும் முதல் முறை வரும்போது அடைப்பில் ஷியர். அளவுக்கு முன்தூக்கு, பின்தூக்கு. இன்று காலை மாணவர்களிடம் "படகின் முன்தூக்கு எவ்வளவு?" என்று கேட்டேன். விளக்கம் இல்லாமலே நடுமட்டத்தில் நூல் கட்டி அளந்தார்கள். விளிம்பேற்றத்தை அதனால்தான் விட்டேன், பொறியாளர் ஐயா மன்னிக்க வேண்டும்.

கப்பற்பொறியாளர்

அளந்தார்கள் என்றால் எனக்கு வேறு வாதம் இல்லை. ஆனால் கப்பற்பொறியியல் பாடநூலுக்கு வரும்போது விளிம்பேற்றத்தை மறுபடி முன்வைப்பேன். தூக்கு என்பது அங்கே பளுதூக்கியோடு குழம்பும்.

புலவர்

பெரும்பான்மை முடிவு அதுவானால் அச்சிடுங்கள். என் மாற்றுக்கருத்து பதிவாகட்டும். விளிம்புக்கோடு மேசைக்கும் தட்டுக்கும் பொது, படகுக்கு உரிய சொல் அல்ல. அணியத்தில் எழும் அழகான கோட்டை வரைந்த மாணவனுக்கு அதைப் பாராட்ட ஒரு சொல் வேண்டாமா? அந்த வடிவத்துக்கு மட்டுமாவது, நேருக்கும் தலைகீழுக்கும் எதிராக, ஏந்துகோடு இருக்கட்டும்.

நெய்தல்

ஐயா, வடிவ வகைகளின் பட்டியலில் ஏந்துகோடு சேர்த்துவிட்டேன், 14-ஆம் பக்கம். படகுப்பித்தன் தம்பி, சட்டம் வளைப்பது பற்றி நீங்கள் எழுதியதைப் பெட்டிச்செய்தியாகப் போடலாமா? அடுத்து, பிளைவுட் படகில் அடிப்பலகையும் பக்கப்பலகையும் கோணமாகச் சேரும் இடம், சைன். நாளை மாலைக்குள் சொல்ல முடிந்தவர்கள் சொல்லுங்கள்.