ரோட்டாக்ஸ் 912: ஆயில் எங்கே போச்சு?

கேள்வி: நானே கட்டிய ஜெனித் 701 சிறு விமானம், இஞ்சின் ரோட்டாக்ஸ் 912. நேற்று மாலை ஆயில் அளவு சரி. இன்று அளவுக் குச்சியில் ஒட்டவே இல்லை. கீழே ஒரு சொட்டுக் கசிவும் கிடையாது.

பதில்: இஞ்சினுக்குள்ளேதான் இருக்கும். இதில் ஆயிலுக்குத் தனி டாங்க். நிற்கும்போது கொஞ்சம் கிரான்க்கேஸுக்கு, அதாவது இஞ்சினின் அடிக்கூட்டுக்கு, இறங்கிவிடும். இக்னிஷன் இரண்டையும் அணைத்துவிட்டு, டாங்க் மூடியைத் திறந்து, புரொப்பெல்லரை மெதுவாகக் கையால் சுற்றுங்கள். ஆயில் டாங்குக்குத் திரும்பியதும் ‘களுக்’கென்று டாங்க் ஏப்பம் விடும். அப்புறம் அளந்து பாருங்கள். இது தெரியாமல் நான் அரை லிட்டர் கூடுதலாக ஊற்றி, ஒரு ஞாயிறு முழுக்க விமானத்தின் வயிற்றைத் துடைத்தேன்.

பதில்: இஞ்சின் சுற்றும் திசைக்கு எதிராக மட்டும் சுற்றாதீர்கள், ஆயில் வழியில் காற்று புகுந்துவிடும். அப்படியே ரப்பர் குழாய்களின் தேதியையும் பாருங்கள், 5 வருடம்தான் கெடு.

கேட்டவர்: பதினைந்தாவது சுற்றில் ஏப்பம் வந்தது! குச்சியின் தட்டைப் பகுதியில் பாதிவரை ஆயில், அளவு சரி. ஆயில் டப்பாவை மூடிவிட்டேன்.