'எகோ' என்றால் 'உடையேன்' மட்டும்தானா?

மொழிவாணன்: பண்டைக் கிரேக்கம் தொடங்குகிறவர்களுக்கான சொற்பட்டியலில் 'எகோ' என்ற வினைக்கு 'உடையேன்' என்று ஒரே பொருள் கொடுத்தால் போதும் என்று கயல்விழி எழுதியிருந்தார். போதாது. அடிப்பொருள் 'பிடி'. ஹோமரின் இலியட் காவியம் 24ஆம் காண்டத்தில், இறந்துபோன கணவன் ஹெக்டரின் தலையைக் கையில் ஏந்தி அழும் அந்திரோமகி, ஊர்ப் பெண்களையும் குழந்தைகளையும் நீ 'எகெஸ்' என்கிறாள். அவர்கள் அவனுடைய சொத்தா? விடாமல் காத்து நின்றான் என்பதே பொருள்.

கயல்விழி: வேரைப் பிடித்துத் தொங்கினால் வாக்கியம் கைநழுவும். 'கலோஸ் எகெய்' என்றால் 'நன்றாகப் பிடிக்கிறது' என்பீர்களா? 'நன்றாக இருக்கிறது' என்றுதான் பொருள். மத்தேயு 9:12இல் 'ககோஸ் எகோன்டெஸ்' ('மோசமாக இருப்பவர்கள்') வருகிறது. தமிழ் வேதாகமம் 'பிணியாளிகள்' என்கிறது. 'ஊக் எகோ எய்பெய்ன்' என்றால் 'சொல்ல முடியவில்லை'. இங்கெல்லாம் 'பிடி' எங்கே?

மொழிவாணன்: உங்கள் 'உடையேன்' மட்டும் எங்கே இருக்கிறது? 'பிடி'யிலிருந்து போனால் வழியாவது தெரியும்: ஒரு நிலையில் தன்னைப் பிடித்து நிற்பதுதான் 'இருப்பது'. அரிஸ்டாட்டில் மெய்ப்பொருளியல் ஐந்தாம் நூலில், காய்ச்சல் மனிதனை 'எகெய்', கொடுங்கோலன் நகரத்தை 'எகெய்' என்று காட்டுகிறார். சளி பிடித்திருக்கிறது என்று நாம் சொல்வதில்லையா? அதே பிடிதான்.

ஏட்டுச்சுவடி: இருவரும் காலத்தை விட்டுவிட்டீர்கள். மாணவர்கள் தடுக்கி விழுவது அங்கேதான். நிகழ்காலம் 'எகோ': வைத்திருக்கிறேன். 'எஸ்கோன்' என்ற இறந்தகால வடிவமோ பெரும்பாலும் 'பெற்றேன், கைக்கொண்டேன்'. வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸின் நூல் 1.12இல், கீகெஸ் என்ற காவலன் தன் அரசனைக் கொன்றபின் அந்த அரசனின் மனைவியையும் அரசையும் 'எஸ்கெ' என்று வருகிறது. 'உடையவனாயிருந்தான்' என்று பெயர்த்தால் அவை கைமாறிய அந்தக் கணமே காணாமல் போகும்.

வடிவம் குழப்புவதற்கும் காரணம் உண்டு. பழைய வேர் 'செக்'. முதல் 'ஸ்' தேய்ந்து 'ஹ்' ஆனது. அடுத்த அசையிலும் மூச்சொலி இருந்ததால் (அங்குள்ள 'க்' கிரேக்கத்தில் மூச்சோடு 'க்ஹ்' என ஒலிக்கும்) அந்த 'ஹ்' விழுந்து 'எகோ' ஆயிற்று. எதிர்காலத்தில் 'க்'கும் 'ஸ்'ஸும் சேர்ந்து அந்த மூச்சொலி போய்விடுவதால் 'ஹ்' தங்கிவிட்டது: 'ஹெக்ஸோ'. 'எஸ்கோன்' வடிவில் முன்னொட்டு 'எ'யைக் கழித்தால் மிஞ்சுவது 'ஸ்க்'. வேரின் உயிரெழுத்து அங்கே இல்லாமல் போயிருக்கிறது.

கயல்விழி: கீகெஸ் உதாரணத்தை ஏற்கிறேன், 'எஸ்கோன்' வடிவத்துக்குப் பட்டியலில் தனி வரி போடுகிறேன். ஆனால் முதல் பொருள் 'உடையேன்' என்றே இருக்கட்டும். தொடக்கப் பாடங்களில் வருவது வீடு, பணம், படை. அதற்கடுத்து ஒரு பழக்கம் வேண்டும்: பக்கத்தில் வினையடை நின்றால் 'இரு', வினையெச்சம் நின்றால் 'முடியும்' என்று முதலில் பார்ப்பது.

மொழிவாணன்: அப்படியானால் இதே வினையின் 'எகோமாய்' என்ற தற்பயன் வடிவத்தையும் சேருங்கள். ஆறாம் வேற்றுமையோடு வந்தால் 'பற்றிக்கொள்'. அதை 'உடையேன்' என்று எந்த மாணவரும் ஊகிக்க முடியாது.